வீட்டிலிருந்து எழுதிப் பிழைத்தல்: சுயாதீன எழுத்தாளர் அறிந்திருக்க வேண்டியவை

இலங்கையில் தமிழில் எழுதியவர்களில் பெரும்பாலானோர் எழுத்தால் பிழைத்தவர்கள் அல்லர். ஆசிரியர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் தபாலதிபர்களாகவும் சம்பளம் பெற்றுக்கொண்டு இரவில் எழுதியவர்களே அதிகம். 1966ஆம் ஆண்டு ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, யாழ்ப்பாணத்தில் சிகையலங்கரிப்புத் தொழில் செய்துகொண்டே எழுதியவர். தான் அச்சிட்ட சஞ்சிகையைத் தானே தெருத்தெருவாகக் கொண்டுசென்று விற்றவர். எழுத்து என்பது கைக்காசு செலவழித்துச் செய்யும் காரியம் என்ற எண்ணம் நம்மிடம் இன்றும் ஆழமாகவே இருக்கிறது. ஒரு கட்டுரைக்குக் கட்டணம் கேட்பவரைச் சற்று விநோதமாகப் பார்க்கும் வழக்கமும் அங்கிருந்தே வருகிறது.

ஆனால், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ ஹட்டனிலோ தன் வீட்டு மேசையில் இருந்தபடி கொழும்பு நிறுவனமொன்றுக்கு மொழிபெயர்ப்பும், புலம்பெயர் ஊடகமொன்றுக்குக் கட்டுரையும், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆங்கில உள்ளடக்கமும் எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் பலர் பெண்கள். பட்டப்படிப்பை முடித்துவிட்டு அரச நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களும் கணிசமாக உள்ளனர். யாரிடமும் வேலைக்கு அமர்ந்திராமல், செய்துகொடுக்கும் பணிக்கு மட்டும் கட்டணம் பெறும் இவர்களையே சுயாதீன எழுத்தாளர்கள் என்கிறோம்.

அவர்களுக்கு நிறுவனம் இல்லை. அதனால் நிறுவனம் செய்து கொடுக்கும் எல்லாவற்றையும், அதாவது கட்டண நிர்ணயம், வரி, சேமிப்பு, உரிமை, பாதுகாப்பு ஆகியவற்றை, அவர்களே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. எழுதத் தெரிந்தவர்கள் பலர் இந்தத் துறையில் நிலைக்காமல் போவது இந்த இடத்தில்தான்.

விற்பது எதை?

தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் இணையத்தளங்களுக்கும் கட்டுரை எழுதுவதால் மட்டும் ஒரு குடும்பம் நடத்த முடியாது. இதை முதலிலேயே ஏற்றுக்கொள்வது நல்லது. 2022ஆம் ஆண்டு மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் ‘த ஐலன்ட்’, ‘திவயின’ ஆகிய பெரிய பத்திரிகைகளே சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்த வேண்டி வந்தது. அவற்றைவிடச் சிறிய சந்தையை நம்பியிருக்கும் தமிழ்ப் பத்திரிகைகளிடம் வெளியாருக்குக் கொடுப்பதற்கு அதிகம் இருக்கப் போவதில்லை. கட்டுரைகள் பெயரைத் தரும். அந்தப் பெயரைப் பார்த்து வேறு வேலைகள் வரும். வருமானம் அந்த வேறு வேலைகளில்தான் இருக்கிறது.

அவற்றில் முதன்மையானது மொழிபெயர்ப்பு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆங்கிலம் இணைப்பு மொழி. நடைமுறையில் தமிழ்ப் பிரதி பெரும்பாலும் கடைசியில் வருவதும், பிழைகளோடு வருவதும் எல்லோருக்கும் தெரிந்த விடயம். பெயர்ப்பலகையில் தொடங்கி வங்கி விண்ணப்பப் படிவம் வரை அந்தப் பிழைகளைப் பார்க்கிறோம். மனக்கசப்புக்குரிய இந்த விடயமே எழுத்தாளருக்கு வேலையும் ஆகிறது. அரசசார்பற்ற நிறுவனங்களின் அறிக்கைகள், பயிற்சிக் கைநூல்கள், ஆய்வுகளுக்கான வினாக்கொத்துகள், காப்புறுதி மற்றும் வங்கி ஆவணங்கள், மருந்துப் பாவனைக் குறிப்புகள், கைத்தொலைபேசிச் செயலிகள் என யாராவது ஒருவர் தமிழாக்க வேண்டியவை குவிந்து கிடக்கின்றன. பிறப்புச் சான்றிதழ், உறுதி போன்ற சட்ட ஆவணங்களை மொழிபெயர்த்து உறுதிப்படுத்தச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பதிவுபெற்றிருக்க வேண்டும். மற்றவற்றுக்கு அது தேவையில்லை.

இங்கு நம்மவர்கள் பலர் தங்கள் கையிலிருக்கும் சரக்கின் பெறுமதியை அறிவதில்லை. உலகத் தமிழ் மொழிபெயர்ப்புச் சந்தையில் பெரும்பகுதி தமிழ்நாட்டை நோக்கியது. இயந்திர மொழிபெயர்ப்பும் பெரும்பாலும் அந்தத் தமிழையே தருகிறது. கிளிநொச்சியில் உள்ள ஒரு தாய்க்கு வழங்கப்படும் துண்டுப்பிரசுரத்தில் ‘வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் செல்லுங்கள்’ என்று இருந்தால் அவர் எங்கு போவார்? அவருக்குத் தெரிந்தது பிரதேச செயலகமும் கிராம அலுவலரும்தான். அங்கு ஆட்சியர், இங்கு மாவட்டச் செயலாளர். அங்கு தேர்வு, இங்கு பரீட்சை. அங்கு முனைவர், இங்கு கலாநிதி. பள்ளி பாடசாலையாகவும், காவல் நிலையம் பொலிஸ் நிலையமாகவும், ரூபாய் ரூபாவாகவும், டாலர் டொலராகவும் மாற வேண்டும். மலையகத்தில் தோட்டத் தொழிலாளருக்கான பிரசுரம் என்றால் லயன், துண்டு, பேர்க்காசு, கங்காணி, பிரட்டு என்று அந்த வாழ்க்கையின் சொற்கள் வேண்டும். இந்த வேறுபாடுகள் தெரிந்த ஒருவரை மதுரையிலோ டொரொன்டோவிலோ இலகுவில் தேடிப் பிடிக்க முடியாது. வாடிக்கையாளருக்கு இதை விளக்கிச் சொல்லத் தெரிய வேண்டும். ஒரு பக்கத்தை இரண்டு விதமாக எழுதிக் காட்டினாலே போதும்.

இன்னொரு உள்ளூர்த் திறமை, கேட்பதற்கு அற்பமாகத் தோன்றுவது: எழுத்துரு. நமது அச்சகங்களிலும் பல அலுவலகங்களிலும் இன்னும் பாமினிதான் ஆட்சி செய்கிறது. இணையமோ யுனிகோட். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பதால், மாற்றியில் இட்டு யுனிகோடாக்கும்போது இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களும் இணைய முகவரிகளும் அர்த்தமற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும். மேற்கோள் குறிகளும் கிரந்த எழுத்துகளும் சிதையும். இரண்டு முறையிலும் தட்டச்சு செய்யத் தெரிந்து, மாற்றிய பின் வரிவரியாகப் பார்த்துத் திருத்திக் கொடுப்பவருக்கு எப்போதும் வேலை உண்டு.

கட்டுரையாளராகவே இருக்க விரும்புவோருக்கும் வீட்டிலிருந்து செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வர்த்தமானி, ஹன்சாட், தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் அறிக்கைகள் என்பன இணையத்தில் கிடைக்கின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தவொரு பிரஜையும், காரணம் எதுவும் சொல்லாமல், தமிழிலேயே தகவல் கோரலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தன் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். பதிவுத் தபால் செலவில் ஒரு பிரதேச சபையின் வீதி ஒதுக்கீடு பற்றிய ஆவணம் கைக்கு வருகிறது. வேறு எவரிடமும் இல்லாத அந்த ஒரு தாள், பத்துப் பக்க அபிப்பிராயக் கட்டுரையைவிட ஆசிரியர்களைக் கவரும்.

இயந்திரம் வந்த பின்னர்

2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளியான பிறகு, சொல்லுக்கு இத்தனை சதம் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த மலிவு உள்ளடக்க வேலைகள்தான் முதலில் அடிபட்டன. ‘சிறந்த பத்து பயணப் பைகள்’ போன்ற கட்டுரைகளை நம்பி இத்துறைக்குள் வருவது இனி வீண். தமிழ்ப் பக்கத்தில் வேறொரு தொல்லை தோன்றியிருக்கிறது. வாடிக்கையாளர் தானே இயந்திரத்தில் மொழிபெயர்த்துவிட்டு, “சின்னத் திருத்தம் மட்டும்தான்” என்று சொல்லிப் பாதிக் கட்டணம் பேசுகிறார். மோசமான இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்துவதற்கு, புதிதாக மொழிபெயர்ப்பதைவிட அதிக நேரம் எடுப்பதுண்டு. காரணம், மூலத்தையும் பார்க்க வேண்டும், வந்திருப்பதையும் பார்க்க வேண்டும், சரளமாக வாசிக்கக்கூடிய வசனத்துக்குள் ஒளிந்திருக்கும் பிழையையும் பிடிக்க வேண்டும். எனவே இத்தகைய வேலையைச் சொல் கணக்கில் ஏற்கக் கூடாது. இரண்டு பக்கங்களைத் திருத்திப் பார்த்து, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்த பிறகு மணித்தியாலக் கணக்கில் விலை சொல்ல வேண்டும்.

கட்டணத்தைக் கணக்கிடுதல்

கட்டணம் கேட்கக் கூச்சப்படுபவர்கள் ஒரு முறை கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தால் கூச்சம் குறையும். உதாரணமாக, ஒருவருக்கு மாதம் 120,000 ரூபா தேவை என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்தில் வேலை செய்பவருக்குத் தொழில்தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் செலுத்துகிறார். சுயாதீன எழுத்தாளருக்கு அது இல்லை. ஆகவே 18,000 ரூபாவைச் சேர்க்க வேண்டும். இணையம், மின்சாரம், கணினியின் தேய்மானம் என 12,000. மொத்தம் 150,000 ரூபா. மாதத்தில் 22 நாட்கள் வேலை செய்தாலும், நாளொன்றில் கட்டணம் கிடைக்கும் எழுத்து வேலைக்கு மிஞ்சுவது நான்கு மணித்தியாலம்தான். மிகுதி நேரம் மின்னஞ்சலிலும் வேலை தேடுவதிலும் வரவேண்டிய காசைக் கேட்டு அலைவதிலும் போகும். காய்ச்சல், கோயில் திருவிழா, செத்தவீடு எல்லாம் கழித்தால் மாதத்துக்கு 75 மணித்தியாலங்கள் என்று கொள்ளலாம். அப்படியானால் ஒரு மணித்தியாலத்தின் விலை 2,000 ரூபா. 1,000 ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்கிச் சரிபார்க்க நான்கு மணித்தியாலம் பிடித்தால் கட்டணம் 8,000 ரூபா, அதாவது சொல்லுக்கு 8 ரூபா. இதற்குக் குறைவாக ஏற்பதானால், ஏன் ஏற்கிறோம் என்று தெரிந்து ஏற்க வேண்டும்.

சொல் கணக்கில் பேசும்போது எப்போதும் மூலத்தின் சொற்களையே எண்ணச் சொல்ல வேண்டும். தமிழில் வேற்றுமை உருபுகளும் துணைவினைகளும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை சுருங்கிவிடும். ‘ஃபுரொம் இன்சைட் த ஹவுஸ்’ என்ற நான்கு சொற்கள் ‘வீட்டுக்குள்ளிருந்து’ என்று ஒன்றாகிவிடுகின்றன. தமிழ்ச் சொற்களை எண்ணிக் காசு வாங்குபவர் தன் உழைப்பில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்கிறார்.

புதிய வாடிக்கையாளரிடம் பாதியை முற்பணமாகக் கேட்பது வழக்கத்துக்கு மாறானதல்ல. எத்தனை முறை திருத்திக் கொடுப்பது, பணம் எத்தனை நாளில் வரும், பிரசுரமாகாவிட்டால் என்ன தருவார்கள் என்பவற்றை ஒரு மின்னஞ்சலிலாவது எழுதி, ‘சம்மதம்’ என்ற பதிலையும் பெற்றுக்கொள்ள வேண்டும். வட்ஸ்அப் குரல் செய்தியில் பேசிய ஒப்பந்தம், ஆறு மாதங்களுக்குப் பின்னர் எவருக்கும் நினைவிருப்பதில்லை.

பணம் வரும் வழியும் வரியும்

வெளிநாட்டு வாடிக்கையாளர் முதலில் கேட்பது ‘பேபால் இருக்கிறதா?’ என்றுதான். இலங்கைக் கணக்குகளுக்குப் பணம் பெறும் வசதியை பேபால் பல ஆண்டுகளாக வழங்கவில்லை. அதனால் இங்குள்ளவர்கள் பெரும்பாலும் பயோனியர் ஊடாகவோ நேரடி வங்கிப் பரிமாற்றத்தின் ஊடாகவோ பணம் பெறுகிறார்கள். வெளிநாட்டிலுள்ள உறவினரின் பேபால் கணக்குக்கு அனுப்பச் சொல்வதும் நடக்கிறது. அது நல்லதல்ல. அவருக்கு அங்கு வரிக் கேள்வி எழலாம். உங்கள் வருமானத்துக்கும் உங்கள் பெயரில் எந்தச் சான்றும் இருக்காது. அப்வேர்க், ஃபைவர் போன்ற தளங்களில் தொடங்குவோர், அவை எடுக்கும் பங்கையும் விலையில் சேர்க்க வேண்டும். ஃபைவர் எடுப்பது 20 சதவீதம். வங்கிகளில் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு திறந்து வைத்திருப்பதும் பயனுள்ளது.

டொலரில் வரும் வருமானம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை 2022இல் உறுதிப்பட்டது. அந்த ஆண்டு பெப்ரவரியில் ஏறத்தாழ 20,000 ரூபாவாக இருந்த 100 டொலர், மே மாதத்தில் 36,000 ரூபாவைத் தொட்டது. பின்னர் ரூபா வலுப்பெற்று 300 ரூபா அளவுக்கு வந்தபோது, உச்ச விலையை நம்பிக் கடன் எடுத்தவர்கள் திண்டாடினார்கள். உள்ளூர் வாடிக்கையாளர் ஒருவரையாவது எப்போதும் வைத்திருப்பதே நிதானமான வழி.

வரி என்றதும் பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றங்களின்படி, ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையிலான வருமானத்துக்கு வருமான வரி இல்லை. அதாவது மேலே பார்த்த மாதம் 150,000 ரூபா கணக்கு, சரியாக அந்த எல்லையில் நிற்கிறது. அதற்கு மேலுள்ள முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். முன்பு வரிவிலக்குப் பெற்றிருந்த வெளிநாட்டுச் சேவை வருமானமும் அதே நாளிலிருந்து வரிக்குள் வந்துவிட்டது. ஆயினும் அது வெளிநாட்டு நாணயத்தில் வங்கி ஊடாக நாட்டுக்குள் வந்தால், அதற்கான அதிகூடிய வீதம் 15 சதவீதம் மட்டுமே. உறவினரின் கணக்கு வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். வரி ஆண்டு ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. விபரத்திரட்டு நவம்பர் 30க்கு முன் ஒப்படைக்கப்பட வேண்டும். வரி செலுத்துகிறோமோ இல்லையோ, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து வரி அடையாள இலக்கத்தைப் பெற்றுவைப்பது அவசியம். நிறுவனங்களுக்குத் தொடர்ச்சியாக வேலை செய்பவர்கள், பிரதேச செயலகத்தின் ஊடாக ஒரு வணிகப் பெயரையும் பதிவு செய்துகொண்டால் கட்டணப் பட்டியல் அனுப்புவது இலகுவாகும்.

எழுதியது யாருக்குச் சொந்தம்?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்தப் பணியின்போது எழுதியதன் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தொழில்தருநருக்குரியது. சுயாதீன எழுத்தாளரின் நிலை அதுவல்ல. உரிமையை முதலில் கொண்டிருப்பவர் அவரே. கையொப்பமிட்ட எழுத்து மூலமான ஆவணம் இல்லாமல் அது கைமாறாது. ஆனால் பல ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்தில் ‘அனைத்து உரிமைகளும் நிறுவனத்துக்கே’ என்ற ஒரு வரி இருக்கும். பயிற்சிக் கைநூலுக்கு அது பரவாயில்லை. உங்கள் ஊரின் வாய்மொழி வரலாற்றை ஐந்து ஆண்டுகள் சேகரித்து எழுதிய கட்டுரைத் தொடருக்கு, அந்த வரியில் கையொப்பமிட முன்னர் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

வீடு என்ற அலுவலகம்

“வீட்டிலதானே நிக்கிறியள், பிள்ளையை ரியூசனால ஒருக்கா கூட்டிக்கொண்டு வாங்கோவன்.” இந்த வசனத்தைக் கேட்காத வீட்டு எழுத்தாளர் இல்லை, பெண்கள் தினமும் கேட்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கு உடுத்திக்கொண்டு வெளியே போகும் வேலைதான் வேலை என்று நினைக்கும் வீட்டில், மேசையில் இருந்து யோசித்துக்கொண்டிருப்பது சும்மா இருப்பதாகவே தெரியும். அறிவுரைகளைவிட முதல் மாதப் பணம் வங்கிக்கு வந்த குறுஞ்செய்தியைக் காட்டுவது இதற்குப் பயன் தருகிறது என்பதே பலரின் அனுபவம். அதன் பிறகும் சமையலை யார் செய்வது என்ற கேள்வி பெரும்பாலும் மாறுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து எழுதும் பெண்களின் ‘ஒழுக்கத்தை’ப் புகழ்கிறோம், அவர்களுக்குப் பகலில் ஒரு மணித்தியாலமும் கிடைப்பதில்லை என்பதையே அது காட்டுகிறது.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கே காரணமாகச் சொல்லப்பட்டது. குரங்குக்குக் காலக்கெடு தெரியாது. மடிகணினி, கைத்தொலைபேசித் தரவு, ஒரு நாள் முன்கூட்டியே முடிக்கும் பழக்கம் ஆகிய மூன்றும் இருந்தால் சமாளிக்கலாம்.

தனியாக இருப்பதன் ஆபத்து

வீட்டிலிருந்து செய்யும் வேலைகளில் ஒன்று, ஆய்வுகளுக்காகப் பதிவு செய்யப்பட்ட நேர்காணல்களைக் கேட்டு எழுத்தாக்கம் செய்வது. இந்த நாட்டில் அவற்றில் பல, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளினதும் முள்ளிவாய்க்காலில் தப்பி வந்தவர்களினதும் குரல்கள். ஒரு மணித்தியால ஒலிப்பதிவை எழுதி முடிக்க நான்கைந்து மணித்தியாலம் பிடிக்கும். அழுகை வரும் இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். அலுவலகத்தில் என்றால் பக்கத்து மேசைக்காரரிடம் ஒரு தேநீரோடு பேசலாம். வீட்டில் அந்தக் குரல் எழுதுபவரோடு மட்டுமே தங்கிவிடுகிறது. எழுதுபவரும் அதே போரைக் கடந்து வந்தவராக இருந்தால் சுமை இரட்டிப்பு. நாளொன்றுக்கு இத்தனை நிமிடம் என்று எல்லை வைத்துக்கொள்ளவும், அதற்கேற்பக் காலக்கெடு கேட்கவும் வேண்டும். வேலை தரும் நிறுவனங்கள் எழுத்தாக்கம் செய்பவருக்கும் உளவள ஆலோசனை வசதியை வழங்குவது நியாயமானது. கேட்காமல் எவரும் தரப்போவதில்லை.

இரகசியம் பேணுவதும் இதில் அடங்கும். குடும்பத்தில் எல்லோரும் பாவிக்கும் கைத்தொலைபேசியில் இத்தகைய ஒலிப்பதிவுகளை வைத்திருக்கக் கூடாது. பெயர்களை நீக்கி, கோப்புக்குக் கடவுச்சொல் இட்டு, வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். பேசியவர் இன்னும் அதே கிராமத்தில், அதே சோதனைச் சாவடியைக் கடந்து வாழ்கிறார்.

செய்தி சார்ந்து எழுதுவோருக்கு ஆபத்து இன்னும் நேரடியானது. மயில்வாகனம் நிமலராஜன் பிபிசி தமிழோசைக்கும் ‘வீரகேசரி’க்கும் சிங்கள வார இதழான ‘ராவய’வுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய சுயாதீன ஊடகவியலாளர். 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு நடைமுறையில் இருந்தபோது, தன் வீட்டில் எழுதிக்கொண்டிருந்த நிலையில் யன்னலூடாகச் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்காக இலங்கையில் இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. காலம் மாறியிருக்கலாம். ஆனால் வடக்கு, கிழக்கில் எழுதுபவரின் வீட்டுக்கு விசாரணை என்ற பெயரில் ஆட்கள் வருவது நின்றுவிடவில்லை. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இணையத்தில் எழுதுவோர்மீது புதியதொரு கத்தியைத் தொங்கவிட்டிருக்கிறது. குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டுவிட்டது என்றாலும், குடியியல் வழக்குத் தொடரலாம். நிறுவனத்தின் சட்டத்தரணி உங்களுக்கு இல்லை. எனவே சர்ச்சைக்குரிய கட்டுரையை அனுப்ப முன்னர், வழக்கு வந்தால் பொறுப்பேற்பது யார் என்று பிரசுரிப்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். குறிப்புப் புத்தகங்களையும் ஒலிப்பதிவுகளையும் வீட்டுக்கு வெளியேயும் ஒரு பிரதி வைத்திருக்க வேண்டும். உங்களைப் போன்ற இரண்டு மூன்று பேருடனாவது தினமும் தொடர்பில் இருக்க வேண்டும். விலை குறைத்துக் கேட்கும் வாடிக்கையாளரைப் பற்றி ஒருவரையொருவர் எச்சரிக்கவும் அதே தொடர்பு உதவும்.

பிரதிகள்

கடைசியாக ஒரு சிறு விடயம். தமிழ் இணையத்தளங்கள் அடிக்கடி மூடப்படுகின்றன, முகவரி மாறுகின்றன, பழைய கட்டுரைகள் காணாமற்போகின்றன. பத்தாண்டுகள் எழுதிய ஒருவர், புதிய வாடிக்கையாளருக்குக் காட்ட மூன்று இணைப்புகள்கூட மிஞ்சாத நிலைக்கு வரலாம். ஒவ்வொரு கட்டுரையும் வெளியான அன்றே பிடிஎப் கோப்பாக, திகதியோடு சேமித்துவைக்க வேண்டும். அச்சில் வந்ததை வருடி எடுக்கலாம். உரிமை உங்களிடம் இருப்பவற்றை, 2005ஆம் ஆண்டிலிருந்து இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேகரித்துவரும் நூலகம் எண்ணிம நூலகத்துக்கும் கொடுக்கலாம். அவர்களுக்கு அனுப்பும்போது கட்டுரை வெளியான இதழின் பெயரையும் திகதியையும் பக்கத்தையும் குறித்து அனுப்பினால், பட்டியலிடுபவரின் வேலை பாதியாகும்.